அறை எண் சொல்லாதவர்

"மன்னிக்கணும் சார், இப்பவே ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைக்கிறார். வெந்நீர் வரவில்லை என்று எழுதியவர் போய்ச் சேர்ந்தே அரை நூற்றாண்டு இருக்கும். கவுன்ட்டர்காரர் இன்னும் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

ஹோட்டலில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வேலைக்காலம் முழுவதும் வரவேற்பில் நின்றவர். ஓய்வு பெற்றதும் சலவை அறைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழம்பெரும் ஹோட்டல், விருந்தினர் எழுதிய கடிதங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, யார் எழுதியது, எதைப் பற்றி என்று கணினியில் பதிய வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் ஒரு சொல்லைத் தட்டினால் கடிதம் வந்து நிற்க வேண்டும்.

உட்கார வைத்திருக்கிறார்கள் என்றேனே, மனிதர் உட்காருவதில்லை. மேசையைப் பெட்டி வைத்து உயர்த்தி, கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, நின்றபடியேதான் தட்டச்சு. கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுவார். "இவரு சும்மா கத்துறாரு. திரும்ப இங்கதான் வருவாரு, பாருங்க" என்பார். அடுத்த பெட்டியில் அதே ஆசாமி அறை கேட்டு எழுதியிருப்பார்.

போன வாரம் என் ஆராய்ச்சிக்காக, இங்கே மாதக்கணக்கில் தங்கிய ஒரு நாடக நடிகையின் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. 'வெந்நீர்' என்றால் கொட்டியது. 'மூட்டைப்பூச்சி'க்கும் குறைவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எல்லாக் கடிதத்துக்கும் 'விருந்தினர்' என்று பதிந்திருந்தார். அறை எண்ணுக்கு ஒரு கோடு.

ஆவணங்களுக்குப் பொறுப்பான பெண்ணுக்குத் தலை சுற்றியது. "என்னண்ணா இது? பேரே இல்லாம யாரு எதத் தேடுவாங்க?"

"எந்த ரூம்ல யாருன்னு வெளியாளுக்குச் சொல்லக் கூடாதும்மா. சொன்னா வேலை போயிடும்."

"சொல்லலைன்னாதான் இப்பப் போகும். ஆவணக் காப்பகத் திறப்பு விழாவுக்குள்ள பேரெல்லாம் ஏறலைன்னா வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க. தங்குனவங்க ரூம காலி பண்ணிட்டுப் போயி எவ்வளவு காலமாச்சு!"

"காலி பண்ணிட்டா சொல்லலாமா? நம்மள நம்பித்தானே சாவிய வாங்குனாங்க. அவங்களக் கேக்காம எப்படி?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிழைக்கத் தெரியாத மனிதர் என்றே நினைத்தேன்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவியிடம் சொன்னேன். "வீட்டுக்கு போன் வந்தாலும் யாருன்னு சொல்ல மாட்டாரு. எங்க அண்ணன் வர்ற விஷயமே, அவர் வாசல்ல வந்து நின்னப்புறம்தான் எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த வேலையும் போச்சுன்னா என்ன செய்வாருன்னு தெரியலைங்க. ரிட்டையரான புதுசுல, பக்கத்து வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஓடிப்போய் கேட்டைத் தொறந்து விட்டுக்கிட்டிருந்தாரு."

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

நேற்று போனபோது முதல் பெட்டி மறுபடி மேசைக்கு வந்திருந்தது. அவர் கையில் இருந்தது நான் தேடிய நடிகையின் கடிதம். கதவருகே நான் நிற்பதை அவர் பார்க்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் விரல் முட்டியால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். ஓரடி பின்வாங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் பெயரை அடித்தார்.