காந்தம் வருமுன் ஒரு தலைவலி

போன வருடம் என் நெஞ்சைப் படம் பிடிக்க என்னை ஒரு பெரிய காந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, சத்தம்தான் காதைப் பிளந்தது. மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொன்னபடி செய்துகொண்டே, பாதித் தூக்கத்தில், நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளில் அங்கே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற அறை என் பொறுப்பு. சலித்த தூள் ஓடிவரும் வழியில் ஒரு காந்தம் இருக்கும். ஆணி, கம்பித்துண்டு எது வந்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்து வைப்பது என் வேலை. ஜன்னல் வழியே பனி உள்ளே வந்துவிடும். தூளும் பனியும் கலந்து, பக்கத்தில் நிற்பவரே கனவில் வருகிறவர் மாதிரி தெரிவார்.

அந்த நாட்களில் என் மனைவிக்கு ஓயாத தலைவலி. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் எங்கள் பெண்கள் மலை ஏறுவார்கள். அதனால் தலை வலித்தால் கயிறுதான் காரணம். வேறு எதையும் யோசிக்கிற வழக்கமே எங்களிடம் இல்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவும் கயிறு என்றார், கங்காணியும் கயிறு என்றார். நான் மட்டும் என்ன பெரிய மேதாவியா? சாக்கை மடித்து, கயிற்றுக்கு அடியில் வைக்க ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். அதில் பெருமை வேறு. வலி நிற்கவில்லை என்றதும் இன்னும் தடிப்பாக ஒன்று தைத்தேன். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் எடுக்கும் கொழுந்து ஒருநாளும் நிறுவையில் குறையவில்லை. கொழுந்து குறையாத பெண்ணுக்கு நோய் என்றால் தோட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை.

ஒரு காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள். லொறியில் போட்டுக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் இளம் டாக்டர் சின்ன விளக்கைப் பிடித்து அவள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், இவருக்குக் கண் தெரியாமல் எவ்வளவு காலம் என்று கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"நல்லா தெரியுமுங்க டாக்டர். எங்க தோட்டத்துல இவதான் எல்லாரையும் விட நெறைய கொழுந்து எடுப்பா," என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தலைக்குள் ஒரு கட்டி வளர்ந்து கண் நரம்பை நசுக்குகிறது என்றார் டாக்டர். அது சரியாக எந்த இடம் என்று அறிய, கழுத்து இரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே கொண்டுவந்தபோது அவள் உதட்டில் பல் பதிந்திருந்தது. வெளிநாட்டில் இப்போது காந்தத்தாலேயே மூளையைப் படம் பிடிக்கிறார்கள், இந்த ஊசியெல்லாம் வேண்டாம், ஆனால் இங்கே வர நாளாகும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

கட்டியை எடுக்க அறுவைச் சிகிச்சை நடந்த அன்று முழுக்க வராந்தா பெஞ்சில் அந்தக் காந்தப் பேச்சோடுதான் உட்கார்ந்திருந்தேன். கண் திறந்தபடியே கனவு. ஸ்டோர்க் காந்தத்தைத் தூக்கிவந்து அவள் தலைமாட்டில் வைக்கிறேன். கட்டி மெதுவாக வெளியே வந்து ஆணி போல ஒட்டிக்கொள்கிறது. நான் வழக்கம்போலத் துணியால் துடைத்துப் போடுகிறேன், அவள் எழுந்து தேத்தண்ணி கேட்கிறாள். நடக்காது என்று தெரியும். பயத்தில் அதை விட்டு வெளியே வர மனமில்லை.

உயிர் தப்பியது. கண் திரும்பவில்லை. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள்.

தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியானம் கேட்டேன்.

"எப்பருந்து தெரியல?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்குமுங்க. மொதல்ல மங்கலா இருந்திச்சு. அப்புறம் வெளிச்சம் மட்டுந்தான்."

"அப்புறம் கொழுந்து எப்புடி எடுத்த?"

"அது வெரலுக்குத் தெரியும். மலையில முன்னால போறவங்க பேச்சு சத்தத்த வச்சே நடந்துருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கண்டிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. அங்க போனவங்க யாருங்க திரும்பி வந்திருக்காங்க?"

ஆத்திரத்தில் கோப்பையை எடுத்து எறிந்தேன். ஒரே அறையில் ஒரு வருடம் கூடவே இருந்து, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, இது தெரியாமல் போனதே என்று வாய்விட்டு அழுதேன். அவள் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டி என் முகத்தைத் தடவினாள். மீசையில் விரல் நின்றது.

"ஒங்க மீச நரச்சிருச்சாம்ல. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க," என்றாள். "எப்பங்க நரச்சிச்சு?"