'டியர் ஏ பி' என்று தொடங்கிய மடல்

எங்கள் குடும்பத்து மின்னஞ்சல்களுக்கெல்லாம் நான்தான் காவல் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, மசாலா வைத்த கறிப்பாப் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தபோது. செபராங் ஜெயாவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், போன மாதம், போலி மின்னஞ்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அரை நாள் பயிற்சி வைத்தார்கள். முடிந்து பலகாரம் சாப்பிடும் நேரத்தில்தான் பயிற்சியாளர் விஷயத்தைச் சொன்னார். முந்தின வாரமே எங்கள் எல்லோருக்கும் சோதனையாக ஒரு போலி மடல் அனுப்பியிருந்தார்களாம், 'உங்கள் கணக்கை உறுதிப்படுத்துங்கள்' என்று. எங்கள் மாடியில் அத்தனை பேரும் அதிலிருந்த பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். மேலாளர் இரண்டு முறை. அழுத்தாத ஒரே ஆள் நான். கைதட்டினார்கள். ஒரு சான்றிதழும், பூட்டுப் படம் போட்ட ஒரு குவளையும் கொடுத்தார்கள்.

உண்மையில் அந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன். அந்த மடலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், வாயில் கறிப்பாப் இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் கைதட்டலும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னால் அவ்வளவு நன்றாக இருக்காது. குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, எனக்கு நிஜமாகவே ஒரு மோப்ப சக்தி இருக்கிறதோ என்று பட்டது. இருக்கிற சக்தியை அலுவலகத்தில் மட்டும் செலவழிப்பது நியாயமில்லை என்றும் பட்டது.

அன்று மாலையே குடும்பக் குழுவில் சான்றிதழைப் படமெடுத்துப் போட்டேன். கூடவே விதிகள்: அவசரப்படுத்துகிற மடலை நம்பாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாத மடலை நம்பாதீர்கள், அனுப்பியவர் முகவரி கோணலாக இருந்தால் நம்பாதீர்கள், எதையாவது அழுத்தச் சொன்னால் நம்பாதீர்கள், யாராவது பாஸ்வேர்டு கேட்டால், நானே கேட்டாலும், நம்பாதீர்கள். 'நானே கேட்டாலும்' என்பது பயிற்சியில் இல்லை, என் சொந்தச் சரக்கு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"நல்லது லா. இனிமே எது வந்தாலும் உனக்கே அனுப்பிடுறோம்" என்று மாமா பதில் போட்டார்.

அனுப்பினார்கள். அம்மாவுக்கு வெளிநாட்டில் பரிசு விழுந்திருந்தது. அப்பாவின் பொட்டலம் ஏதோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்பா எந்தப் பொட்டலமும் வாங்கியதில்லை. யார் பார்த்தாலும் போலி என்று தெரிகிற சமாச்சாரங்கள்தான். இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கழித்தே பதில் சொன்னேன், ஆராய்ந்த மாதிரி இருக்கட்டும் என்று.

பிறகு அக்காவிடமிருந்து ஒன்று வந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு தொழிற்சாலைக்குப் போனவள். இப்போது பத்து காவானில் ஒரு கம்பெனியில் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறாள். அவளுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் கையில் டிப்ளோமாவோடு வந்து, அவளிடமே வேலையைக் கற்றுக்கொண்டு, அவளுக்கே டெக்னீஷியனாகிவிடுகிறார்கள். அதனால் இந்த வருடம், வாரக் கடைசியில் மட்டும் வகுப்பு நடக்கும் ஒரு டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் விண்ணப்பத்தை ஆன்லைனில் பூர்த்தி செய்து கொடுத்ததே நான்தான்.

அவள் அனுப்பிய படத்தில் ஒரு மடல் இருந்தது. 'டியர் ஏ பி' என்று தொடங்கியது. பதினான்கு நாளில் கணக்கை உறுதிப்படுத்தாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும் என்று பெரிய எழுத்தில் மிரட்டியது. பாதி மலாய், பாதி ஆங்கிலம், இரண்டிலும் பிழை. அனுப்பிய முகவரியில் கல்லூரியின் பெயரே இல்லை, ஏதோ எண்ணும் எழுத்துமாக இருந்தது. நடுவில் ஒரு நீலப் பொத்தான், அழுத்து அழுத்து என்று.

நான் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை.

"போலி. உடனே அழி."

உடனே அழைத்தாள். "நல்லாப் பாத்தியா? நான் அங்க அப்ளை பண்ணியிருக்கேனே."

"அது அவங்களுக்கும் தெரியும். அதை வச்சுத்தான் வலை போடுறாங்க. உன் பேரையே தெரியலை பாரு. ஏ பியாம். யாரு அக்கா அது ஏ பி?"

அவளுக்குப் பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"சரி. நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சும்மா இருக்க முடியாமல், அவளுடைய மின்னஞ்சலில் ஒரு ஃபில்டர் போட்டேன். 'கணக்கை உறுதிப்படுத்து' என்றோ 'டியர் ஏ பி' என்றோ எழுதிய எந்த மடலும் அவள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். அவ்வளவு அழகாக வேலை செய்தது. அழகான ஒன்றை ஒருத்தியிடம் மட்டும் விட்டுவைக்க மனம் வரவில்லை. அம்மா, அப்பா, மாமா, சித்தி, சித்தியின் இரண்டு பிள்ளைகள் என்று இன்னும் ஆறு பேருக்குப் போட்டுக் கொடுத்தேன். சித்தி எனக்கு மீகோரிங் நூடுல்ஸ் செய்து போட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா அழைத்தாள்.

"வேலை இருக்கா? ஒண்ணு கேக்கணும்." குரல் ஒரு மாதிரி இருந்தது. "எங்க லைன்ல ஒரு சீனப் பொண்ணு, அவளும் அதே கோர்சுக்கு அப்ளை பண்ணியிருக்கா. கேன்டீன்ல வந்து, இன்டர்வியூக்கு எந்த நாள் எடுத்தேன்னு கேக்குறா. எனக்கு ஒண்ணுமே வரலைன்னேன். ஃபோனைத் திறந்து அவளுக்கு வந்த மெயிலைக் காட்டுறா."

"சரி?"

"அதே மெயில்டீ. அதே நீலப் பொத்தான், அதே தப்பு. டியர் போட்டு அவ பேரு மட்டும் ஒழுங்கா இருக்கு. இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுதாம்."

கல்லூரியின் அலுவலகம் செபராங் ஜெயாவிலேயே, என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம். மடலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது, நாமாக விசாரிக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன விதி. அந்த ஒரு விதியை இரண்டு வாரம் முன்னால் கடைப்பிடித்திருந்தால் ஒரு ஃபோன் காலோடு முடிந்திருக்கும். அது ஏனோ எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை இடைவேளை முடிந்து அப்போதுதான் கவுண்டரைத் திறந்திருந்தார்கள். எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். அக்கா மழையில் காடியை ஓட்டிக்கொண்டு, வேலைச் சட்டையோடு, நாலு மணிக்கு வந்து சேர்ந்தாள்.

கவுண்டரில் சாம்பல் நிற முக்காடு போட்ட ஓர் அக்கா இருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

"சொல்லுங்க தங்கச்சி."

நான் ஆரம்பித்தேன். உங்கள் மடல் போலி மடலுக்கு உரிய எல்லா லட்சணத்தோடும் இருக்கிறது, நான் இதில் பயிற்சி பெற்றவள், பெயர்கூடப் போடாமல் அனுப்பினால் யார் நம்புவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"நில்லுங்க. விண்ணப்பம் உங்களுதா?"

"என் அக்காவோடது."

"அப்ப அவங்க பேசட்டும். நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரும் ஐசி குடுங்க."

அடையாள அட்டைகளைக் கொடுத்தோம். இரண்டையும் பார்த்தார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் அட்டையில் ஓரிடத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதோ இருக்காங்களே உங்க ஏ பி."

எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/பி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். இந்த நாட்டில் தமிழ்ப் பெண்கள் அடையாள அட்டையில் எல்லாம் அப்படித்தான். இன்னாரின் மகள் என்பதற்கு மலாயில் சுருக்கம். விண்ணப்பத்தில் அந்தச் சாய்கோட்டை ஏற்க மாட்டேன் என்று கணினி அடம் பிடித்தபோது, கோட்டை எடுத்துவிட்டு ஏ, பி என்று தட்டியதும் நான்தான். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் ஒருமுறை தாதி 'ஏ பி' என்று கூப்பிட, நாலு பெண்கள் ஒன்றாக எழுந்து நின்றோம். அதில் நான் ஒருத்தி. விமானச் சீட்டில் என் பெயரோடு அது ஒட்டிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து ஏ பியாக வாழ்ந்துவிட்டு, யார் அது ஏ பி என்று அக்காவைக் கேட்டிருக்கிறேன். பயிற்சி கொடுத்தவர் பெயரில் அது கிடையாது. அவரைக் குறை சொல்ல முடியாது.

"சிஸ்டம் அப்படித்தான், நடுவுல உள்ளதைப் புடிச்சுக்கும்" என்றார் அவர். "எங்க முஸ்லிம் பேருல ஏ பிக்குப் பதிலா பிந்தி. எனக்கு 'டியர் பிந்தி'ன்னு வரும். எங்க வாப்பாவுக்கு மகள்ங்கிறதைத் தவிர அதுக்கு என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது." பிறகு அக்காவிடம் திரும்பினார். "நாலு தடவை அனுப்பியிருக்கு, ஒண்ணுலயும் பொத்தானை அழுத்தலையே ம்மா. வேணாம்னு விட்டுட்டீங்களோன்னு நினைச்சோம்."

"வேணும்" என்றாள் அக்கா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

"சரி, இப்ப திரும்ப அனுப்புறேன். ஃபோன்ல பாருங்க."

பார்த்தோம். வரவில்லை. மறுபடி அனுப்பினார். வரவில்லை. மூன்றாவது முறையும் அனுப்பினார். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"உங்க சிஸ்டத்துலதான் ஏதோ கோளாறு. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, நானே செட் பண்ணது" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. நானே செட் பண்ணது. அக்கா கையிலிருந்து ஃபோனை வாங்கிக் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். ஏழு மடல்கள். இப்போது வந்த மூன்றும், அதற்குக் கீழே பழைய நாலும். 'கடைசி நினைவூட்டல்' என்று ஒன்று. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பிடித்துத் தள்ளியிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் இவ்வளவு பிசகாமல் வேலை செய்ததில்லை.

கவுண்டர் அக்கா எட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிக் கை காட்டினார்.

நீலப் பொத்தானை அக்காவே அழுத்தினாள். கை ஈரம், முதல் தடவை பதியவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்ப அழுத்தினாள். நாலு முப்பத்தெட்டுக்குக் கணக்கு உறுதியானது. உடனே நேர்முகத்துக்கு நாள் தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்தது. எல்லாக் கட்டமும் சாம்பல் நிறம். ஒன்றே ஒன்று பாக்கி, செவ்வாய் காலை ஒன்பது மணி.

"திங்கக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட்" என்றாள். பிறகு அவளே, "ஏழு மணிக்கு முடியும். முகத்தைக் கழுவிட்டு நேரா வந்துடுவேன்" என்று அந்தக் கட்டத்தைத் தொட்டாள்.

காடியில் ஏறியதும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். வீட்டுக்குப் போகும் கடல் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் வைப்பரை வேகமாக வைத்தாள்.

"ரெண்டு வாரமா தினமும் தேநீர் இடைவேளைல இன்பாக்ஸைத் திறந்து பாப்பேன்" என்றாள். "ஒண்ணும் இருக்காது. ஒண்ணும் வரலைன்னா வேணாம்னு அர்த்தம்னு நெனச்சுக்கிட்டேன். இந்த வயசுல யாரு எடுப்பா. போன வாரமே, எனக்கு இஷ்டம் போயிடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் தெரியுமா."

"உனக்குக் குவளை வேணுமா?" என்று கேட்டேன்.

"எந்தக் குவளை?"

"பூட்டுப் படம் போட்டது."

"அடச்சீ, போடீ." ஆனால் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும், "மத்தவங்களுக்கும் போட்டியே, அதை எடுத்துட்டியா?" என்றாள்.

எடுக்கவில்லை. ஆறு பேர் பெட்டியிலும் அது இந்த நிமிடம் வரை பிசகாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் கணக்கில் நுழைய வேண்டும். பாலத்திலிருந்தே குடும்பக் குழுவில் எழுதினேன்: 'அவசரம். எல்லோரும் உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டை உடனே எனக்கு அனுப்புங்கள்.'

முதலில் அம்மாவின் குரல் செய்தி வந்தது. "யாரும் எதையும் அனுப்பாதீங்க. அவ ஃபோனை எவனோ புடிச்சுட்டான்." அடுத்து மாமா: 'அவசரம்னு சொல்றான் பாருங்க. யார் பேரையும் சொல்லலை பாருங்க. ரெண்டு விதி அப்பவே போச்சு. டேய், யாருடா நீ?' நான்தான் மாமா என்று போட்டேன். 'நானே கேட்டாலும் நம்பாதீங்கன்னு எங்க பொண்ணு சொல்லியிருக்கா' என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் சித்தியின் மூத்த பிள்ளை என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். என் மாணவர்கள் எல்லோரும் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள்.

இதை எழுதும்போது மணி ஏழு. அம்மாவையும் அப்பாவையும் நேரில் முகத்தைக் காட்டிச் சரிக்கட்டியாயிற்று. அவர்கள் குப்பையில் முக்கியமாக ஒன்றும் இல்லை. பாக்கி நாலு பேர். குப்பைத்தொட்டி முப்பது நாள்தான் எதையும் வைத்திருக்கும், ஃபில்டர் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மாமா ஆன்லைனில் கணக்குத் திறந்து புது வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதிலே காணோம் என்று போன வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். நான்கூட, நல்ல கம்பெனியாக இருந்தால் மரியாதைக்காவது பதில் போட்டிருப்பார்கள் மாமா என்று ஆறுதல் சொன்னேன்.

நாளைக் காலை அவர் வீட்டில்தான் தொடங்க வேண்டும். மடிக்கணினியை எடுத்து வைத்துவிட்டேன். ஐசியையும்.