சாய்வு சைக்கிளுக்குப் புது லீவர்

ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் என் மனைவி ஸ்டெல்லா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, ஜெகதளாவுல இருந்து கீழ மெயின் ரோடு வரைக்கும் ஒரு கீறல் இல்லாம இறங்கிக் காட்டுங்க. இல்லீன்னா அந்தச் சைக்கிள வித்துப்போடலாம்."

கோபத்தில் நியாயம் இருந்தது. பழைய பிரேக் லீவர் தளர்ந்துபோய், அதற்கு முந்தின மாதம்தான் வண்டியோடு டீச்செடிகளுக்குள் புகுந்திருந்தேன்.

என் சைக்கிள் கொஞ்சம் விசித்திரம். ஈஸி சேரில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். முதுகில் டிஸ்க் பிரச்னை. குனிந்து ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுவும் போனால் எனக்கு சைக்கிளே கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் இருக்கிற ஒரே குஷியை யார் விடுவார்?

ஆகவே, புது லீவர். பிரேக்கும் கியரும் ஒன்றாகச் சேர்ந்தது. இழுத்தால் பிரேக், பக்கவாட்டில் தள்ளினால் கியர். நானே மாட்டினேனாக்கும்! கடையில் கிடைத்த கேபிள் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் குறைந்தது — வண்டி அவ்வளவு நீளம். நீளமான கேபிளை வரவழைத்து, மாட்டி, டேப் சுற்றி, வாசலில் நிறுத்தி நூறு தடவை அழுத்திப் பார்த்தேன். பிரேக் கச்சிதம். கியர் கச்சிதம்.

ஓட்டுகிறவன்தான் கச்சிதமில்லை.

இருபது வருடம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவன் நான். இறக்கத்தைப் பார்த்தால் மலைக்காரன் கை முதலில் கியருக்குத்தான் போகும். கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிற டூரிஸ்ட்டுகளை எவ்வளவு கிண்டல் செய்திருப்போம்! பழைய சைக்கிளில் கியர் சீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது; கை குழம்பவில்லை. இப்போது இரண்டும் ஒரே விரலில்...

போன சனிக்கிழமை காலை மேலே ஜெகதளாவிலிருந்து இறங்கினேன். முதல் வளைவு. வேகம் ஏறியது. விரல் தானாக லீவரைத் தள்ளியது — டக். இன்னும் வேகம். டக், டக். மூன்று கியர் குறைத்தாயிற்று. கால் வெறுமனே சுற்றுகிறது, வண்டி பறக்கிறது. அட, சைக்கிளில் ஏதுங்க இன்ஜின்?

பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஸ்டெல்லா கத்தினாள்: "பிரேக்குங்க! பிரேக்கப் புடிங்க!"

பிடித்தேன். தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. ஒரு கீறல் இல்லை. "பாத்தியா, முதல் வளைவு பாஸ்!" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை ரோட்டோரச் சுவரில் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"உங்களுக்குக் கீறல் இல்லீங்க. எனக்குத்தான் உசுரே போயிருச்சு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வித்துரலாம் ஸ்டெல்லா" என்றேன். மனதார, நிஜமாகவே சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணாங்க. வித்துப்போட்டு ஊட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பீங்க, அத யாரு பாக்கறது? இனி நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க. இடிக்கறதுன்னா என்னைய இடிங்க."

அப்புறம் இந்த வாரத்தில் நாலு தடவை இறங்கிவிட்டோம். ஒரு தடவைகூட என் விரல் கியருக்குப் போகவில்லை.