சிறுவாச்சூர்: ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாத கோயில்

சிறுவாச்சூருக்கு நாங்கள் போனது 2006 ஆவணியில். சுற்றிப் பார்க்க அல்ல. என் தம்பி ஜோசப்பின் மகனுக்கு மொட்டை. ஜோசப் ஆலத்தியூரில் சிமெண்ட் லாரி ஓட்டியவன். சிறுவாச்சூர்ப் பெண் செல்வியைக் கட்டிக்கொண்டு, சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை, அதன்பிறகு அவனோடு பேசவும் இல்லை. அதற்கு முந்தின வருடம் லாரி கவிழ்ந்து இறந்துபோனான்.

துக்கம் கேட்க வந்த சர்ச் ஊழியக்காரர் ஒருவர், "மனந்திரும்பாமப் போயிட்டான். இனி அவனுக்கும் கடவுளுக்கும் நித்தியப் பிரிவுதாம்மா" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனார். அந்தக் காபியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அம்மா பிள்ளைகள் பெயரை மூத்ததிலிருந்து வரிசையாகச் சொல்வார்: நான், தங்கை, கடைசியில் ஜோசப். அவனோடு பேசாமல் இருந்த காலத்தில்கூட அந்தப் பெயர் விட்டுப்போனதில்லை. அந்த மனிதர் வந்துபோனபின் விட்டுப்போனது. தங்கை பெயரோடு நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஆமென் சொல்வார்.

செல்வி பூத்திலிருந்து போன் செய்தாள். "வர்ற வாரம் கோயில்ல புள்ளைக்கு மொட்டை. அத்தையக் கூட்டிட்டு வாங்க மாமா." எந்தக் கிழமை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோயில் என்றால் ஞாயிறுதானே! பிறந்ததிலிருந்து ஞாயிறு ஞாயிறாகக் கும்பிட்டவன் புத்தி அப்படித்தான் போகும். "புள்ளையப் பாத்துட்டு வந்துடலாம். கோயிலுக்குள்ள வர மாட்டேன்" என்ற நிபந்தனையோடு அம்மா கிளம்பினார்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் 10.40க்குப் பெரம்பலூர் பஸ். ஆளுக்குப் பதினெட்டு ரூபாய், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். எல்லா வண்டியும் சிறுவாச்சூரில் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 12.05க்கு இறங்கி ஆட்டோ பிடித்தோம். இருபது ரூபாய்.

"கோயிலா? இன்னிக்குப் பூட்டியிருக்குமே சார்! திங்களும் வெள்ளியும்தான் நடை தொறப்பாங்க" என்றார் டிரைவர்.

"மத்த நாள்ல?" என்று கேட்டது அம்மா. நான் திரும்பிப் பார்த்தேன்.

"காளியம்மன் கெளம்பி மலைக்குப் போயிடும்மா. அதோ, பெரியசாமி மலை."

"திரும்பி வந்துடுமா?"

"வராம என்ன செய்யும்? ஊரு இங்கல்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டு, செல்வி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

மொட்டை மறுநாள்தான். என் அசட்டுத்தனத்தைக் கேட்டு செல்வி சிரித்தாள்; புருஷன் போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். குழந்தைக்கு ஜோசப்பின் அதே மடங்கிய காது. அம்மா அந்தக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இருந்துட்டுப் போங்க அத்தை" என்றாள் செல்வி. அம்மா மறுக்கவில்லை. திங்கட்கிழமைக்கு ஆபீசுக்கு லீவு சொன்னேன்.

மாலையில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்பே உருவானவர்னு சொல்றோம். அவரு நம்ம ஜோசப்ப ஒரேயடியா விட்டுடுவாராம்மா?"

"அவனாத்தானேடா போனான். போறேன்னு நிக்கிறவனை அன்புக்காகக் கட்டி இழுத்துட்டு வர முடியுமா?"

"நீயும்தான் அவனை விட்டுட்டே."

சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "கோவமா இருந்தேன்டா. விட்டுட்டேன்னு யாரு சொன்னது? தெனம் சாயந்திரம் அவன் பேரச் சொல்லலையா நான்?" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

திங்கள் காலை ஒன்பதுக்கு மொட்டை. அம்மா சொன்னபடி உள்ளே வராமல் வாசலோடு நின்றுகொண்டார். உச்சிப் பூசையின்போது பூசாரி தீபத்தை எடுத்தார். எடுத்தவர் சன்னிதியில் காட்டாமல், அம்மனுக்கு முதுகைக் காட்டி, வாசலுக்கு நேரே தெரிந்த மலைப் பக்கம் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் உள்ளே. நேராக வாசலைப் பார்த்து வந்த தீபத்தைக் கண்டு அம்மா திகைத்துப்போய், "ஏன் அப்படி?" என்று வெளியே வந்த செல்வியிடம் கேட்டார்.

"முன்ன இது செல்லியம்மன் எடம் அத்தை. காளிக்கு விட்டுக் குடுத்துட்டு அவ மலைக்குப் போயிட்டா. அதான், போனவளுக்குத்தான் மொத தீபம். அப்புறம்தான் இங்க இருக்கறவளுக்கு."

மதியமே திருச்சி பஸ் ஏறி வீடு திரும்பினோம்.

போகிறவர்கள் திங்கள் அல்லது வெள்ளி போங்கள். உச்சிப் பூசையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் கொளுத்தும். என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை போய் நின்றாலும், பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். நித்தியப் பிரிவு உண்டா இல்லையா என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. எங்கள் அம்மாவுக்கே விட மனமில்லாதவனைக் கடவுள் விடுவார் என்று மட்டும் இனி நான் நம்ப மாட்டேன்.

அன்று மாலை ஏழு மணிக்கு ஜெபம். அம்மா முழங்காலிட்டார். வழக்கப்படி என் பெயர் வரும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

"ஜோசப்" என்றார் அம்மா. "அவன்தான் ஆண்டவரே மொதல்ல. மத்ததுங்க இங்கதான் இருக்குதுங்க, அப்புறமா சொல்றேன்."