எங்கேயும் போகாத நடை

“வாக் பண்ணலாமா ஐயா?” என்று கேட்டபடி நர்ஸ் வாக்கரைக் கட்டிலருகே வைத்தார். பக்கவாதத்தில் படுத்திருந்த என் அப்பா, நைனா, “எங்க?” என்றார்.

அந்தக் கேள்வி முன்பே ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது.

அப்போது நான் ஆறாவது. திருவாலங்காடு பக்கம் கரும்பு வெட்டப் போகுமுன் நைனா என்னைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிட மலையடிவார பஸ் ஸ்டாப் வரை நடத்திக் கூட்டிவருவார். இடுப்பில் வெட்டுக்கத்தி, பேச்சில் புகையிலை வாசம். “பஸ்ஸு போயிடும்டா, எட்டிப் போடு” என்பார் வழியெல்லாம். வெள்ளை ஷூ போட்ட ஒருவர் தினமும் கையை வீசிக்கொண்டு எதிரே வருவார். ஒருநாள் நைனா கேட்டேவிட்டார்.

“எங்க சாமி, இவ்ளோ சீக்கிரமா?”

“வாக்கிங்பா.”

நைனா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்தவன் நான்தான்.

“வாக்னா நடக்கிறது நைனா.”

“அது தெரியுதுடா. எங்க போறாரு?”

“எங்கயும் இல்ல. கொஞ்ச தூரம் போய்ட்டுத் திரும்பிடுவாரு.”

நைனா நின்று சிரித்தார். “சும்மா நடக்கிறதுக்கு ஒரு பேரா! போற எடம் இல்லன்னா எனுக்கெல்லாம் காலே எழும்பாதுடா.”

“எங்கயும் இல்ல ஐயா, சும்மா ஜன்னல் வரைக்கும்” என்றார் நர்ஸ். நைனா வாக்கரைப் பிடித்து நின்றார். கால் எழும்பவில்லை. இப்படியே விட்டால் இனி நடக்கவே முடியாது என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து பயம்கூட வராமல் மரத்துப்போயிருந்தேன்.

யாரோ பேசுவதுபோல என் குரல் எனக்குக் கேட்டது.

“பஸ்ஸு போயிடும் நைனா. எட்டிப் போடு.”

வாக்கர் தரையில் ஒருமுறை தட்டியது. அதன் பின்னால் கால் இழுபட்டு வந்தது.