தலைமேல் அடித்த சத்தியம்

தையல்காரி வீட்டில், அவள் கணவனின் அக்காவுக்குத் ‘தீயணைப்பு வண்டி’ என்று பெயர். வைத்தவளே தையல்காரிதான். அடுப்பை அணைத்தாயா, ஹீட்டரை நிறுத்தினாயா என்று நாளெல்லாம் சைரன் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பாள்?

முன்னறையில்தான் தையல். வெட்டும் மேசையின் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி எப்போதும் சூடாக நிற்கும். ஒவ்வொரு மடிப்பையும் தைத்த சூட்டோடு தேய்த்தால்தான் துணி படியும். அணைத்து அணைத்துப் போட்டால் சூடேறக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். சுவிட்சோ மேசைக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால். குனிந்து, மூட்டையை நகர்த்தி, கையை விட்டுத் துழாவ வேண்டும்.

அன்று அவளும் அண்ணியும் பொத்தான் வாங்கக் கிளம்பினார்கள். தெருமுனையில் சைரன் ஒலித்தது.

“பெட்டிய அணைச்சியாம்மா?”

“அணைச்சாச்சு அண்ணி.”

“நெசமாவா?”

“உங்க தலைமேல சத்தியமா! போதுமா? வாங்க, கடைய மூடிரப் போறாங்க.”

அணைத்தாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. அண்ணியின் வாயை அடைக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

அண்ணி கொஞ்ச தூரம் நடந்து நின்றாள். “அடடா, கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன். நீ போய்ட்டே இரு.”

கண்ணாடி அவள் நெற்றிக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. தையல்காரி அதைப் பார்த்தாள், கூப்பிட்டுச் சொல்லவில்லை. நடக்கட்டும் என்று வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

பொத்தான்களோடு திரும்பியபோது வாசலில் கூட்டம், கரும்புகை. மேசை ஓரத்தில் நின்ற பெட்டி சரிந்து மூட்டைமேல் விழுந்திருந்தது. எரியும் மூட்டையைக் குளியலறைவரை இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள் அண்ணி. வீடு தப்பியது. அவளுடைய வலது கை தப்பவில்லை.

“எப்படிக்கா ஆச்சு?” ஆஸ்பத்திரியில் தம்பி கதறினான்.

“வயரு பழசுடா” என்றாள் அண்ணி.

தையல்காரியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும். அந்தப் பொய் ஊசியாய் இறங்கி உள்ளேயே ஒடிந்து நின்றது.

கட்டுப் போட்ட கையோடு வீடு வந்த அண்ணி அதன்பிறகு எதையுமே கேட்கவில்லை. அடுப்பை, ஹீட்டரை, எதையும். தையல்காரி சுவிட்சை மேசைக்கு மேலே மாற்றினாள். மூட்டையை வீட்டைவிட்டே அகற்றினாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை கேட்கமாட்டாளா என்று சமையலறையில் நின்று அழுதாள்.

கட்டு மாற்றப் போகும் நாளில், கதவைப் பூட்டிவிட்டு அவளே கெஞ்சினாள். “கேளுங்க அண்ணி. பெட்டிய அணைச்சியான்னு கேளுங்க.”

“எதுக்கு? மறுபடி என் தலைமேலதான் அடிப்ப. இருக்கிறது ஒரே தலை.”

தையல்காரி பூட்டைத் திறந்தாள். “என் வாய நம்பாதீங்க. நீங்களே வந்து பாருங்க.”

அண்ணி உள்ளே போய், மிச்சமிருந்த இடது கையால் பெட்டியைத் தொட்டாள். பெட்டி ஜில்லென்றிருந்தது; பிளக்கும் பிடுங்கிக் கிடந்தது.

“ம்” என்று வெளியே வந்து, தையல்காரி பூட்டியதும் படியிறங்கிய அண்ணி, திரும்பினாள்.

“அடுப்பு?”

தையல்காரி கண்களைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பூட்டைத் திறந்தாள்.