துளைமேல் வைத்த பொட்டு

விமானத்தின் இடது பக்கத்தில், மூக்குக்குச் சற்றுப் பின்னால், ஐம்பது காசு அகலத்தில் ஓர் உலோக வட்டு பதிந்திருக்கும். அதன் நடுவே ஒரு துளை. பென்சில் முனை நுழையும், அவ்வளவுதான். ஈப்போவில் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் தினமும் காலையில் அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறேன். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும் என்பார்கள். எனக்குப் போதாது.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அந்தத் துளை வழியாக வரும் அழுத்தத்தை வைத்துத்தான் உயரமானி உயரத்தைச் சொல்கிறது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் முள்ளும் அதையே நம்பியிருக்கிறது. வேகமானியோ, இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் வந்து மோதும் காற்றை இந்தத் துளையின் காற்றோடு ஒப்பிட்டு வேகத்தைக் காட்டுகிறது. துளை அடைத்துக்கொண்டால் மூன்றும் பொய் சொல்லும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லும். அந்த விஷயத்தில் அவை என்னைப் போல.

ஒன்பது வருடங்களுக்கு முன் இந்தக் கையெழுத்தைப் போட்டவர் அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை, கொட்டகையில் உரிமம் பெற்ற பொறியாளர், நாங்கள் எல்லோரும் அண்ணே என்று கூப்பிட்டவர். சித்தியவான்காரர், தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரர். நான் அப்போது கருவிப் பிரிவில் டெக்னீஷியன். உரிமத் தேர்வில் கடைசித் தாள் பாக்கி இருந்தது. ஆயுத பூசை வந்தால் விமானங்களைக் கழுவிப் பொட்டு வைப்பது கொட்டகையில் வேலை செய்யும் தமிழ் ஆட்களின் வழக்கம். அண்ணன் தள்ளி நின்று பார்ப்பார். நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார், சூடத்தைத் தொட மாட்டார். ஆனால் சுண்டலுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். "சாமி உங்களோடது, கடலை எல்லாருக்கும் பொதுலா," என்பார்.

அந்த வருடம் கழுவி முடித்ததும் துளையைப் பார்த்தேன்; சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் கத்திக்கும் வாளிக்கும் சைக்கிள் விளக்குக்கும் அப்பா பொட்டு வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். வட்டமாக எதைக் கண்டாலும் நடுவில் பொட்டு வைக்கப் பழகிய கை. சக்கரங்களுக்கு வைத்தது, மூக்கின் நுனிக்கு வைத்தது, அந்த வட்டுக்கும் தானாகப் போய் வைத்தது. அது என்ன துளை என்று அங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. பூசை முடிந்ததும் அண்ணன் சுண்டலைக் கொறித்தபடி, "துளை பாத்துட்டியா?" என்றார். "பாத்துட்டேண்ணே," என்றேன். அவர் போய்ப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மதியம் ஒரு மாணவி அந்த விமானத்தில் தனியாகக் கிளம்பினாள். விமானம் ஏறியது, உயரமானி தரையிலேயே நின்றது. ஏற ஏற வேகமானி குறைத்துக் காட்டியது. அதை நம்பி அவள் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. கருவிப் பலகைக்கு அடியில் இருக்கும் குமிழை இழுக்கும்படி பயிற்றுநர் ரேடியோவில் சொன்னார். அது விமானத்துக்குள் இருக்கும் காற்றைக் கருவிகளுக்குக் கொடுக்கும். முட்கள் நகர்ந்தன. அவள் பத்திரமாக இறங்கினாள். துளைக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது, அதன்மேல் குங்குமம்.

விசாரிக்க வந்த அதிகாரிகள் இருவரும் இதை வைத்தது யார் என்று மலாயில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "நான்தான்" என்றார் அண்ணன். ஒரு நாளும் பொட்டைத் தொடாத மனிதர். அது பொய் என்று அதிகாரிகளுக்குத் தெரிய வழியில்லை. தமிழ் ஆட்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "பாக்காம சைன் போட்டதுக்கு என் லைசன்ஸ் எப்படியும் போயிரும். ரெண்டு பேரு எதுக்கு? நீ போயி பரீட்சையப் பாரு."

பார்த்தேன். தேறினேன். அவர் வேலையை விட்டுப் போய், மீன்பிடிப் படகுகளின் ஜிபிஎஸ்ஸையும் ஆழம் காட்டும் கருவிகளையும் பழுது பார்த்துப் பிழைத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அழவில்லை, தூக்கம் கெடவும் இல்லை. மரத்துப்போவது என்கிறார்களே, அதுதான். ஒவ்வொரு பூசைக்கும் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். எந்த முகத்தோடு போவது என்றும் நினைப்பேன். போக மாட்டேன்.

போன மாதம் அவர் இறந்துபோனார். சித்தியவானுக்குப் போனேன். அவர் மனைவி தேநீர் கொடுத்தார். "அன்னைக்குப் பொட்டு வச்சது நான்தான் அக்கா," என்றேன்.

"தெரியும்லா," என்றார் அவர். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னதோட சரி, அப்புறம் அதப் பத்தி அவரு பேசவே மாட்டாரு. ஒவ்வொரு வருஷமும் ஒங்க பூச அன்னைக்கு மட்டும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. அந்தப் பொண்ணு கடலை கொண்டாரும், பாருன்னு சொல்வாரு. பொழுது சாஞ்சா உள்ள வந்துருவாரு."

தேநீரைக் குடித்து முடித்தேன். ருசி தெரியவில்லை.

இன்று ஆயுத பூசை. விமானங்களைக் கழுவினோம். அந்த வட்டின் பக்கம் சந்தனக் கிண்ணமே போகக் கூடாது என்பது என் உத்தரவு. எல்லாம் முடிந்த பிறகு துளையை விரலால் அழுத்தித் தடவினேன், சுத்தமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். சுண்டலில் ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தேன். ஈப்போவிலிருந்து சித்தியவானுக்கு ஒன்றரை மணி நேரம். எட்டுப் பூசைக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. விரல் நுனியில் துளையின் வட்டம் பதிந்திருந்தது. அது மறையும்வரை காரைக் கிளப்பவில்லை.